கடல் கடந்த பாட்டு – 9: மயிலைக்குப் போன இணுவில் பாட்டு

சென்ற இதழில் காங்கேசன்துறை வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ வரை வந்து நின்றோம். தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் கொண்டுவந்து இறக்கிய மெட்டுகள் யாழ்ப்பாணத்துக் கொட்டகைகளில் எப்படி ஊர்ப் பாட்டுகளாக மாறின என்பது அந்தக் கதை. இதுவரை எழுதிய எட்டு இதழ்களும் ஏறக்குறைய அப்படித்தான். பாட்டு அக்கரையில் புறப்படும், இக்கரையில் இறங்கும், கொஞ்சக் காலத்தில் நம்முடையதாகிவிடும். அப்படியானால் இங்கேயிருந்து அங்கே ஒன்றுமே போகவில்லையா என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி.

போயிருக்கிறது. போன ஒன்றைக் கேட்காத தமிழ் வீடு குறைவு.

மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீது டி. எம். சௌந்தரராஜன் பாடிய ‘கற்பகவல்லி’ பாட்டைத்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி அதைப் பாடும். கலியாண வீட்டில் நாதஸ்வரக்காரர் அதை வாசிப்பார். லண்டனிலும் டொரன்ரோவிலும் சலங்கை கட்டி அரங்கேறும் பிள்ளைகள் அதற்கு ஆடுவார்கள். பாடியவர் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். எழுதியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பாபநாசம் சிவன் என்பார் ஒருவர். கண்ணதாசனாக இருக்கலாம் என்பார் இன்னொருவர். வீரமணி என்று சரியாகப் பெயரைச் சொல்கிறவர்கூட, ஐயப்பன் பாட்டுகள் பாடிய கே. வீரமணியை மனதில் வைத்துக்கொண்டு சொல்வதுண்டு.

எழுதியவர் இணுவில் வீரமணி ஐயர். 1931 ஒக்டோபரில் பிறந்து 2003 ஒக்டோபரில் மறைந்த யாழ்ப்பாணத்துக்காரர்.

முதலில் பாட்டைப் பார்ப்போம். ஆளைப் பற்றிப் பேசுகிற பலர் பாட்டை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள்.

இது ஒரு ராகமாலிகை. ஆனந்தபைரவியில் தொடங்கி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று சரணத்துக்குச் சரணம் ராகம் மாறும். மாறுகிற ராகத்தின் பெயரை அந்தந்தச் சரணத்துக்குள்ளேயே அம்மனைக் கூப்பிடும் விளியாகப் பொதிந்து வைத்திருக்கிறார். பாட்டுக்குள் ராகத்தின் பெயரை மறைத்து வைப்பது முத்துசுவாமி தீட்சிதர் கையில் பேர்பெற்ற வித்தை. பெயர் துருத்திக்கொண்டு நிற்காமல் பொருளோடு பொருந்த வேண்டும், அதுதான் அதில் உள்ள சிரமம். இங்கே நான்கு ராகப் பெயர்களும் அம்பாளின் பெயர்களாகவே ஒலிக்கின்றன. சங்கீதம் தெரியாதவருக்கு அது வெறும் துதி. தெரிந்தவர் அதே இடத்தில் சிரித்துத் தலையாட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே சொல்லில் விருந்து வைப்பது இலேசான காரியமல்ல.

எதுகையைக் கவனியுங்கள். முதல் சரணத்தில் அடிக்கு அடி விழுகிற இரண்டாம் எழுத்து ஒற்றுமை, மூன்றாம் சரணத்தில் ஒரே ஓசையில் முடிகிற அம்மன் பெயர்களின் அடுக்கு, நான்காம் சரணத்தில் மெல்லின ஓசையாகவே கோத்துக்கொண்டு போகிற நடை. இவை கீர்த்தனைக்காரரின் பழக்கம் என்பதைவிட மரபுக் கவிதை பழகிய கையின் பழக்கம். பாட்டை எழுதிய பிறகு எதுகை தேடியவர் இப்படி எழுத முடியாது. யாழ்ப்பாணத்தில் பண்டிதர்களின் திண்ணைகளில் வெண்பாவும் விருத்தமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி.

ராகத் தெரிவும் கெட்டிக்காரத்தனமானது. ஆனந்தபைரவி தாலாட்டிலும் லாலியிலும் புழங்குகிற ராகம். சாமா சாஸ்திரிகள் தேவியைப் பாடும்போது திரும்பத் திரும்பப் போய் நின்ற ராகமும் அதுவே. பாமரக் காதையும் வித்துவான் காதையும் ஒன்றாகப் பிடித்து உட்கார வைக்க அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பிறகு வருகிற பாகேஸ்ரீ வடக்கிலிருந்து வந்தது. திரையிசை கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு சொந்தம் தட்டும். கடைசியில் ரஞ்சனி, கெஞ்சலுக்கென்றே அளந்து தைத்தது போல. மதுரைக்காரரான சௌந்தரராஜனின் திறந்த தொண்டைக்கு இது எல்லாமே வாய்ப்பாக அமைந்துவிட்டது.

தாய் மறந்தால் பிள்ளைக்கு வேறு போக்கிடம் ஏது என்ற ஏக்கம் முதல் சரணத்தில் இருக்கிறது. கடல் தாண்டிப் படிக்கப்போன பொடியனின் தனிமையை அதில் வாசிக்க ஆசை வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. பதிகமும் கீர்த்தனையும் பாடிய எல்லாரும் அப்படித்தான் முறையிட்டிருக்கிறார்கள். மரபில் உள்ள ஒரு வரியை வைத்து ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

இனி ஊர்.

யாழ்ப்பாணம் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவில், தாவடி தாண்டி இணுவில். அடுத்த சந்தி மருதனார்மடம், அதற்கப்பால் சுன்னாகம். செம்மண் தோட்டமும் புகையிலையும் மரக்கறியுமாக இருக்கிற வலிகாமத்துக் கிராமம். 1898இல் அமெரிக்க மிஷன்காரர் திறந்த மக்லியோட் மருத்துவமனை இந்த ஊரில்தான். குடாநாட்டில் பலருடைய பிறப்புப் பதிவில் இணுவில் என்று இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் ஊரின் பெயர் பரவியது கோயிலாலும் மேளத்தாலும். கந்தசுவாமி கோயிலில் பெரிய சந்நியாசியார் செய்வித்த மர மஞ்சத்தை ஊரவர் ‘உலகப் பெருமஞ்சம்’ என்பார்கள். சிவகாமி அம்மன் கோயிலுக்கு ஒரு புலவர் கதை உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் இணுவில் சின்னத்தம்பிப் புலவர் சிறையில் அடைக்கப்பட்டார், அங்கிருந்தே சிவகாமி அம்மன் மீது பாடினார், விடுதலை கிடைத்தது. ஊர் அப்படித்தான் சொல்லும். ‘பஞ்சவன்னத் தூது’ அவருடைய நூல்.

தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் இணுவில் ஒரு தலைநகர். விசுவலிங்கத்தின் மகன் தட்சிணாமூர்த்தி 1933இல் இங்கே பிறந்தவர். பிறகு அளவெட்டியில் குடியேறி, தமிழ்நாட்டு மேடைகளில் தவிலுக்கு ஓர் அளவுகோலாகவே ஆகி, 1975இல் மறைந்தவர். அவருடைய கதைக்கு இந்தத் தொடரில் தனியாக ஓர் இதழ் வைத்திருக்கிறேன். இங்கே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தமிழ்நாட்டில் அவருடைய பெயர் ‘யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி’. அம்ஷன் குமார் எடுத்து இந்தியாவின் தேசிய விருது வாங்கிய ஆவணப்படத்தின் தலைப்பிலும் ஊர் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த வீரமணி மானிப்பாய் இந்துக் கல்லூரியில் படித்தார். பிறகு கலை படிக்கச் சென்னைக்குப் போனார்.

அந்தக் காலத்தில் சென்னைக்குப் போவது இன்றைக்குக் கொழும்புக்குப் போவதைவிடப் பெரிய காரியமாக இருக்கவில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் அடிப்படை சரி. இரண்டு வழிகள் இருந்தன. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதல் பயணத்தையே இரத்மலானையில் தொடங்கி, காங்கேசன்துறையில் இறங்கி ஏறி, சென்னைக்குத்தான் நடத்தியது. காசு உள்ளவர்களுக்கு அது. மற்றவர்களுக்கு ரயில். யாழ்ப்பாணத்தில் ஏறி மதவாச்சியில் இறங்கி, தலைமன்னார் ரயிலுக்கு மாறி, துறையில் கப்பல் ஏறி, இருபது மைல் சொச்சம் கடலைக் கடந்து தனுஷ்கோடியில் கால் வைத்தால், அங்கே எழும்பூருக்குப் போகும் போட் மெயில் நிற்கும். புகையிலை வியாபாரியும் சிதம்பரத்துக்குத் திருவாதிரை பார்க்கப் போகிறவரும் படிக்கப்போகிற பொடியன்களும் ஒரே பெட்டியில் இருப்பார்கள். திரும்பி வருகிற பெட்டிகளில் சேலையும் பஞ்சாங்கமும் பாட்டுப் புத்தகமும் இருக்கும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. யுத்தம் தொடங்கியதும் அதுவும் நின்றது.

வீரமணி சேர்ந்தது அடையாற்றுக் கலாக்ஷேத்திராவில். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கிய நிறுவனம். அப்போது பிரம்மஞான சபை வளாகத்து மரங்களின் கீழ் நடந்துகொண்டிருந்தது. திருவான்மியூருக்குப் போனது பிறகு. ருக்மிணி தேவியிடம் நடனம் பயின்றார். டைகர் வரதாச்சாரியார், காரைக்குடி சாம்பசிவ ஐயர், மைசூர் வாசுதேவாச்சார் என்று பெரிய வித்துவான்கள் வந்து இருந்து சொல்லிக்கொடுத்த இடம் அது. எம். டி. ராமநாதன் அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியரானவர். பாட்டும் ஆட்டமும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால், எழுதுகிற சொல் ஆடுகிற காலுக்குப் பொருந்த வேண்டும் என்ற பாடம் அங்கே தானாக வரும். ‘கற்பகவல்லி’ இன்றுவரை நடன ஆசிரியர்களின் கைவிடாத உருப்படியாக இருப்பதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த வளாகத்தில் ஐரிஷ் வாடையும் உண்டு. கலாக்ஷேத்திராவின் தொடக்க நாள்களில் துணை நின்றவர்களில் அயர்லாந்துக்காரரான ஜேம்ஸ் கசின்ஸும் அவர் மனைவி மார்கரெட்டும் இருந்தார்கள். மார்கரெட் டப்ளினில் இசை படித்துப் பட்டம் வாங்கியவர். 1919இல் மதனபள்ளியில் தாகூர் தங்கியிருந்தபோது ‘ஜன கண மன’வின் மெட்டைச் சுரக் குறிப்பாக எழுதி வைத்தவர் அவர்தான். இந்தியாவின் தேசிய கீதம் ஓர் ஐரிஷ் பெண்ணின் கையால் தாளில் இறங்கிய கதை பள்ளிக்கூடப் புத்தகங்களில் அதிகம் வருவதில்லை. பாட்டின் வழியில் நின்று கைகொடுத்தவர்கள் பெயர் உதிர்ந்துபோவது புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் கிட்டத்தான். கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் பஜனை பாடிப்போன காலம் அது. மயிலாப்பூருக்குப் பாட்டுப் பஞ்சம் ஒருநாளும் இருந்ததில்லை. திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடிய தலம். மாதத்துக்கு மாதம் அந்த ஊரில் என்ன விழா நடந்தது என்பதற்கு அந்தப் பதிகமே சாட்சி. கடலோரம் இருந்த பழைய கோயில் போர்த்துக்கீசர் காலத்தில் அழிந்து, இன்றுள்ள கோயில் பிறகு எழுந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்டது, இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில் 1734இல் எழுந்தது என்பதை நாம் அறிவோம். இரண்டு கரையிலும் இடித்தவர்கள் ஒரே ஆட்கள்.

சம்பந்தர் பாடிய கோயிலுக்கு, பாபநாசம் சிவன் பாடிக்கொண்டிருந்த தெருவுக்கு, இணுவிலிலிருந்து போன ஓர் இளைஞர் ஏன் புதிதாகப் பாட்டுக் கட்டினார்? பக்தி என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. யாழ்ப்பாணத்துப் பழக்கம் ஒன்று அதன் பின்னால் இருக்கிறது.

தேவாரம் பெற்ற தலங்கள் ஈழத்தில் இரண்டே இரண்டு: மன்னாரில் திருக்கேதீஸ்வரம், திருகோணமலையில் கோணேஸ்வரம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒன்றும் இல்லை. கீரிமலை நகுலேஸ்வரத்துக்குக்கூட மூவர் பாட்டு இல்லை. அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒன்று யாழ்ப்பாணத்தைத் தொட்டுப் போகிறது, அவ்வளவுதான். அதனால் இங்கே ஒரு வேலை புலவர்களின் தலையில் விழுந்தது. கோயில் கட்டினால் அதற்கென்று பாட்டு வேண்டும். பெரிய கோயிலோ, வயல் வெளியில் நிற்கிற வைரவர் கோயிலோ, அதற்குப் பதிகமோ அந்தாதியோ, குறைந்தபட்சம் ஒரு திருவூஞ்சலோ பாட உள்ளூரில் ஒரு புலவர் இருப்பார்.

திருவூஞ்சலை நேரே பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். திருக்கல்யாணம் முடிந்த இரவு. சுவாமியும் அம்மனும் ஊஞ்சற் பலகையில். நாதஸ்வரம் ஓய்ந்திருக்கும். குருக்கள் சங்கிலியைத் தொட்டு மெல்ல ஆட்டுவார். தூணருகே இரண்டு மூன்று பேர், மூலை மடிந்த ஒரு சின்னப் புத்தகத்தைச் சேர்ந்து பிடித்தபடி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு பாடுவார்கள். காப்பு, பிறகு ஊஞ்சல். பவளக் கால் நாட்டி, வயிர விட்டம் பூட்டி என்ற மாதிரி முதற்பாட்டில் ஊஞ்சலைக் கட்டுவார் புலவர். அடுத்தடுத்த பாட்டுகளில் ஊரின் வயலும் குளமும் வந்துவிடும். ஒவ்வொரு பாட்டும் ‘ஆடீர் ஊஞ்சல்’ என்று முடியும்போது கூட்டமும் சேர்ந்து சொல்லும். அதன்பின் வாழி, எச்சரிக்கை, பராக்கு, லாலி, மங்களம். சுண்டலுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். அந்தப் புத்தகம் யாரோ ஒரு குடும்பத்தின் உபயமாக, பக்கத்துப் பட்டினத்து அச்சகம் ஒன்றில் அடித்ததாக இருக்கும். முன்னட்டையில் கோயில் பெயருக்குக் கீழே பாடியவர் பெயர் தவறாமல் இருக்கும்.

வீரமணி ஐயர் இந்தப் பழக்கத்தில் பிறந்தவர். பிற்காலத்தில் குடாநாட்டின் எத்தனையோ கோயில்களுக்கு அவர் பாடிய ஊஞ்சலும் கீர்த்தனைகளும் உண்டு. ஆகவே மயிலாப்பூர்ச் சன்னிதியில் நின்றபோது அவர் செய்தது புதிதொன்றும் அல்ல. கோயிலைக் கண்டால் பாட்டுக் கட்டுவது என்ற ஊர் வழக்கத்தை அங்கே கொண்டுபோனார். ஊஞ்சற் புலவர் செய்வது போலவே, பாட்டின் தொடக்கத்தில் ஊரையும் கோயிலின் சிற்ப அழகையும் சொல்லி அம்மனை அந்த இடத்தில் இருத்திவிட்டுத்தான் வேண்டுதலுக்கு வருகிறார். கேட்கிறவருக்கு மயிலாப்பூர் கண்முன் வரும். எழுதியவரும் மயிலாப்பூர்க்காரராகத்தான் இருப்பார் என்ற எண்ணமும் கூடவே வரும்.

இந்தத் திசையில் போன முதல் ஆளும் அவர் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் வேதாரணியத்து இறைவன் மீது ‘மறைசை அந்தாதி’ பாடினார். இணுவில் சின்னத்தம்பியர் வேறு, இவர் வேறு. ‘கல்வளை அந்தாதி’ பாடிச் சண்டிலிப்பாய்ப் பிள்ளையாரைப் போற்றிய அதே கை, கடலுக்கு அப்பாலிருந்த திருமறைக்காட்டையும் அதே யாப்பில் பாடியது. அவருக்கு இரண்டும் போய்க் கும்பிடுகிற கோயில்கள். நடுவில் கிடந்த கடல் வெறும் வழி. ‘மறைசை அந்தாதி’யை இன்று புலமையுள்ளவர்கள் மட்டும் படிப்பார்கள். ‘கற்பகவல்லி’ சனங்களின் வாய்க்கு வந்தது. அதற்கு இசைத்தட்டும் வானொலியும் வேண்டியிருந்தன.

வானொலி என்னும்போது ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அறுபது, எழுபதுகளில் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒலித்தது இலங்கை வானொலி. அங்குள்ள நேயர்கள் அகில இந்திய வானொலியை விட்டுக் கொழும்பைத் திருப்பி வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டார்கள். இணுவிலில் முளைத்துச் சென்னையில் பாட்டாகி இசைத்தட்டில் ஏறியது, கொழும்பு வானலை வழியாகத் திரும்பவும் தமிழ்நாட்டு வீடுகளில் இறங்கியது. இத்தனை சுற்றுக்குள்ளும் எழுதியவர் பெயர் எங்கோ வழியில் கழன்று விழுந்துவிட்டது.

ஏன் விழுந்தது? பாட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. சாகித்தியகர்த்தாக்கள் கடைசிச் சரணத்தில் முத்திரை வைப்பார்கள். தியாகராஜர் தன் பெயரை வைத்தார். தீட்சிதர் ‘குருகுஹ’ என்றும், சிவன் ‘ராமதாசன்’ என்றும் வைத்தார்கள். பாட்டை யார் பாடினாலும் எழுதியவரின் கையொப்பம் கூடவே வரும். ‘கற்பகவல்லி’யில் நான்கு ராகங்களின் பெயருக்கு இடம் கொடுத்த ஐயர் தன் பெயருக்கு இடம் வைக்கவில்லை. அது பணிவாக இருக்கலாம், பாட்டின் வடிவம் கேட்டதாகவும் இருக்கலாம். எப்படியோ, சொத்துக்கு உறுதி முடிக்காமல் விட்ட மாதிரிதான்.

இரண்டாவது காரணம் தொழில் வழக்கம். மேளகாரருக்கு ஊர்ப்பெயர்தான் முதற்பெயர்: திருவாவடுதுறை, காருகுறிச்சி, நீடாமங்கலம். அந்த வரிசையில் யாழ்ப்பாணமும் சேர்ந்தது, தட்சிணாமூர்த்தியின் ஊர் பிழைத்தது. அவர் தவிலை எடுத்துக்கொண்டு தானே மேடையில் இருந்தார். பாட்டு எழுதியவர் மேடையில் இருப்பதில்லை. அவருடைய பெயர் இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாசிக்கிறவர் எத்தனை பேர்?

வெளியுலகில் இதற்கு ஓர் எதிர்க்கதை உண்டு. அமெரிக்க நாட்டார் பாடகராகப் புகழ்பெற்ற பொப் டிலன், நியூயோர்க்கின் கிறீனிச் விலேஜில் பாடித்திரிந்த இளமைக் காலத்தில், அயர்லாந்தின் கேரிக்–ஆன்–ஷூரிலிருந்து வந்த கிளான்சி சகோதரர்களோடு பழகியவர். அயர்லாந்துப் பாட்டுகளின் மெட்டுகள் அவருடைய ஆரம்பகாலப் பாட்டுகளில் பல இடங்களில் தலைகாட்டும். ‘வித் கோட் ஒன் அவர் சைட்’ என்ற அவருடைய பாட்டின் மெட்டு, டொமினிக் பீஹன் எழுதிய ‘த பேட்ரியட் கேம்’ பாட்டின் மெட்டேதான். 1957 சனவரியில் ஐரிஷ் எல்லைத் தாக்குதல் ஒன்றில் இறந்த இளைஞன் பற்றிய பாட்டு அது. பீஹனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருடைய மெட்டும் அதற்கு முந்திய நாட்டார் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்ததே. அங்கே எடுத்தவர் உலகப் புகழ் பெற்றார், கொடுத்தவரும் சண்டை போட்டுத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். டிலனுக்கும் அயர்லாந்துக்கும் உள்ள உறவைப் பற்றி இன்றைக்கும் எழுதுகிறார்கள். ‘கற்பகவல்லி’ விஷயத்தில் களவு என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. சௌந்தரராஜன் பாடியதால்தான் பாட்டு வாழ்ந்தது. ஆனாலும் கணக்கில் ஒரு பெயர் குறைகிறது. சண்டை பிடிக்கவும் ஆளில்லை.

ஐயர் சண்டை பிடிக்கிற ஆளாக இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தார். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளரானார். வெளியில் அதிகம் பேசப்படாத இந்த உத்தியோகம் அவருடைய வாழ்க்கையில் ‘கற்பகவல்லி’யைவிடப் பெரிது என்பது என் கணிப்பு. கலாசாலையில் படித்தவர்கள் ஆசிரியர்களாகிக் குடாநாடு முழுவதும், அதற்கு வெளியிலும் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். அவர்கள் கற்றதை ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கற்றார்கள். தமிழ்த்தினப் போட்டிக்குப் பாட்டு வேண்டும், பரிசளிப்பு விழாவுக்கு நாட்டிய நாடகம் வேண்டும் என்று வந்தவர்களுக்கு எழுதிக்கொடுத்தார், மெட்டுப் போட்டார், ஆட்டமும் அமைத்தார். இயல், இசை, நடனம் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தது யாழ்ப்பாணத்துக்கு அரிதான வாய்ப்பு. 72 மேளகர்த்தா ராகங்களிலும் உருப்படிகள் செய்தார். பக்கத்து மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி 1960இல் தொடங்கியபோது அதிபராகத் தமிழ்நாட்டிலிருந்து மகாராஜபுரம் சந்தானம் வந்தார். அதே காலத்தில் இணுவில் வீதியில் கலாக்ஷேத்திரா படித்த உள்ளூர்க்காரர் ஒருவரும் நடமாடினார். அந்தச் சில மைல்களுக்குள் அன்று இருந்த சங்கீதம் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு வந்த ஆண்டுகளை விரித்து எழுத வேண்டியதில்லை, வாசிக்கிற பலர் அதற்குள்ளேயே வாழ்ந்தவர்கள். 1987இல் சண்டை, 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. சென்னை கண்ணுக்கெட்டாத தூரமாயிற்று. மயிலாப்பூரில் அவருடைய பாட்டு ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்த காலத்தில், இங்கே பற்றரிக்கு வழியில்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. பட்டமும் பொன்னாடையும் கிடைத்தன. பாட்டோடு பெயர் சேரவில்லை. 2003 ஒக்டோபர் 8ஆம் திகதி காலமானார்.

இந்த இதழை வெறும் வரலாறாக விட்டுவிட எனக்கு மனமில்லை. இரண்டு காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

ஒன்று, நடன ஆசிரியர்களுக்கு. அரங்கேற்ற அழைப்பிதழில் உருப்படிகளின் பட்டியல் போடும்போது ராகமும் தாளமும் எழுதுகிறீர்கள், வர்ணத்துக்கு இயற்றியவர் பெயர் எழுதுகிறீர்கள். ‘கற்பகவல்லி’க்கு நேரே ‘இணுவில் வீரமணி ஐயர்’ என்று சேர்த்துவிடுங்கள். அறிவிப்பாளரிடமும் சொல்லி வையுங்கள். அழைப்பிதழில் அரை வரி கூடும், அவ்வளவுதான்.

மற்றது கோயில் பரிபாலன சபையாருக்கும் பழைய குடும்பங்களுக்கும். அவர் பாடிய ஊஞ்சற் புத்தகங்கள் எட்டும் பத்தும் பக்கங்கள் கொண்டவை. இவற்றை நூலகங்கள் வாங்கி அடுக்குவதில்லை. அடுக்கிய யாழ்ப்பாண நூலகத்தையும் 1981இல் எரித்தார்கள். இடம்பெயர்வில் வீட்டில் இருந்தவை போயின. மிஞ்சியவை சுவாமி அறை இறாக்கைகளிலும் கோயில் களஞ்சியங்களிலும் கறையானுக்குக் காத்திருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலில் அவர் பெயர் போட்ட புத்தகம் ஒன்று இருந்தால், அடுத்த திருவிழாவுக்கு முன்பே அதைப் படியெடுத்து ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஒன்றை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். முன்னட்டையைக் கிழிக்காமல் கொடுங்கள். பெயர் இருப்பது அதில்தான்.

அடுத்த இதழில் மருதனார்மடத்துக்கு வந்த மகாராஜபுரம் சந்தானம்.